சர்வருக்காக ஜெபித்த பதினோரு நாட்கள்

"படிச்ச பொண்ணு வாயில ரெண்டு வார்த்தை வராது பாப்பா. 'தெரியல'ன்னு வராது, 'தப்பு பண்ணிட்டேன்'னு வராது. நீ எங்க எங்கிட்ட உண்மைய சொல்லப் போற?"

எங்கள் சபையில் பெண்களுக்கு ஜெபத் துணை தேர்ந்தெடுக்கச் சீட்டு எடுத்த நாளில், என் பெயர் இருந்த சீட்டை விரலிடுக்கில் ஆட்டிக்கொண்டே, எனக்குத் துணையாக வந்த அக்கா இதைச் சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே சுருக்கென்று இருந்தது. இந்த அம்மாவுக்குப் படித்தவர்களைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அப்பா கொத்தனார். அம்மா குரோம்பேட்டையில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். இருவருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. நான் பி.காம். முடித்து, ஒரு ஸ்கேன் சென்டரில் பில் போடும் வேலையில் இருக்கிறேன். சபையில் வேதம் வாசிப்பது நான். ரேஷன் கார்டு திருத்தமோ, ஆதாரில் முகவரி மாற்றமோ, யாருக்கு என்ன எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். "எம் பொண்ணு எழுதினா அதுல தப்பு இருக்காது" என்று அம்மா எல்லோரிடமும் சொல்வார். அதைக் கேட்காததுபோல் நான் வேறு பக்கம் பார்ப்பேன். ஆனால் ஒரு வார்த்தை விடாமல் கேட்பேன்.

சபை பொழிச்சலூரில், ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் இருக்கிறது. மேலே தகரக் கூரை. விமானம் இறங்கும்போதும் ஏறும்போதும் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. பாஸ்டர் பிரசங்கத்தைப் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். புதிதாக வருகிறவர்களுக்குத்தான் அது வேடிக்கையாக இருக்கும்.

ஜெபத் துணை என்பது பாஸ்டரம்மா கொண்டுவந்த வழக்கம். பழைய பிஸ்கட் டப்பாவில் எல்லாப் பெண்களின் பெயர்களையும் போட்டுச் சீட்டு எடுப்பார்கள். யாருக்கு யார் வருகிறார்களோ, அவர்கள் இருவரும் ஒரு வருடம் சனிக்கிழமைதோறும் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். இந்த வாரம் ஜெபித்தாயா? யார்மேலாவது மனக்கசப்பு இருக்கிறதா? யாரிடமாவது பொய் சொன்னாயா? இப்போது சொன்ன பதில்கள் எல்லாம் உண்மையா? இந்த நான்காவது கேள்வியைப் பற்றித்தான் எங்கள் பெண்களிடம் நிறையக் கிண்டல் உண்டு. "மூணு வரைக்கும் பாஸ், நாலாவதுல பெயில்" என்பார்கள்.

எனக்கு வந்த அக்கா தாம்பரம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறார். தைத்து வரும் சட்டைகளை விரித்துப் பார்த்து, தையல் விட்ட இடத்திலும் கறை பட்ட இடத்திலும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நாள் முழுக்க அதுதான் வேலை. "அப்ப அந்தச் சட்டையெல்லாம் வேஸ்ட்டா அக்கா?" என்று ஒருமுறை கேட்டேன். "வேஸ்ட் பண்ணா கம்பெனிய இஸ்து மூட வேண்டியதுதான். ஸ்டிக்கர் ஒட்னா ஆல்ட்டருக்குப் போவும். தெச்சவளே பிரிச்சு தெய்க்கணும்" என்றார்.

சனிக்கிழமை மாலை கம்பெனி பஸ்ஸில் இறங்கி நேராக வருவார். சபை மாடிப்படியில் உட்காருவோம். கேள்விகள் எழுதிய தாளை அவரும் கையில் பிடித்துக்கொள்வார். படிக்கத் தெரியாது. ஆனால் கேள்விகள் மனப்பாடம்.

அவர் பதில்களைக் கேட்டு முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது. எதையும் விடமாட்டார். "சூப்பர்வைசர்கிட்ட தலவலின்னு பொய் சொன்னேன். பர்மிஷன் போட்டு டிவில பாதி சீரியல் பார்த்தேன். மாமியா மேல கசப்பு கீது, அது எப்பவும் கீறதுதான், எழுதிக்கோ." நான் எழுத வேண்டிய அவசியமே இல்லை. என் முறை வந்தால் நான் "அப்படி ஒண்ணும் இல்லக்கா" என்பேன். அவர் ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு விடுவார். எனக்கு அதில் கூச்சமே இருக்கவில்லை. பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை என்று நானே நம்பினேன்.

மே மாதம் அக்காவின் மகள் பன்னிரண்டாம் வகுப்பு தேறினாள். அவர்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் முதல் ஆள் அவள். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். அவள் பிரவுசிங் சென்டருக்குக் கிளம்பியபோது அக்கா தடுத்துவிட்டார். "அங்க எவனோ ஒருத்தன் அவசரத்துல தப்பா அடிப்பான். நம்ம சபை பொண்ணு கீது. அது செஞ்சா கரெக்ட்டா இருக்கும்."

எல்லா விவரங்களையும் நிரப்பினேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் விருப்பம். சாதிச் சான்றிதழை மட்டும் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டியிருந்தது. சனிக்கிழமை அக்கா அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, கவரை ஒரு துணிப்பையில் போட்டு, பையை மடித்துக் கொடுத்தார். திங்கட்கிழமை கடைசி நாள். அலுவலகத்தில் ஸ்கேன் செய்து அங்கிருந்தே சமர்ப்பித்துவிடலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை எங்கள் சென்டரில் இருவர் லீவு. டோக்கன் கூட்டம் வாசல்வரை நின்றது. துணிப்பை என் மேஜை டிராயரில் இருந்தது. அடுத்த நாளும் அங்கேயே இருந்தது.

புதன்கிழமை மதியம் ரப்பர் ஸ்டாம்ப் எடுக்க டிராயரைத் திறந்தபோது அந்தப் பையைப் பார்த்தேன். இணையதளத்தைத் திறந்தால், விண்ணப்பப் பதிவு முடிந்துவிட்டது என்று ஒரே ஒரு வரி இருந்தது.

அன்று மாலை வீட்டு ஜெபக் கூட்டம் அக்கா வீட்டில்தான். போகாமல் இருந்திருக்கலாம். போனேன். நுழைந்ததுமே அக்கா எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

"இன்னா பாப்பா, பொண்ணுது அனுப்பிட்டியா?"

எல்லாப் பெண்களும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தார். அந்த முகங்களில் துளி சந்தேகம் இல்லை. அதுதான் என் வாயைக் கெடுத்தது.

"சர்வர் டவுன் அக்கா. போகவே மாட்டேங்குது. சரியானதும் போட்டுடலாம்."

"ஐயோ" என்றார் பாஸ்டரம்மா. "அப்ப இப்பவே ஜெபிப்போம்."

ஜெபித்தார்கள். கண்களை மூடி, கைகளை உயர்த்தி, சர்வருக்காக ஜெபித்தார்கள். எங்கள் ஊரில் சர்வர் என்றால் ஓட்டலில் தோசை கொண்டுவருபவர் என்று நினைத்திருந்த ஒரு பாட்டியம்மா, அது ஏதோ மெஷின் என்று பக்கத்தில் இருந்தவர் காதில் சொன்ன பிறகு, எல்லோரையும்விடச் சத்தமாக ஜெபித்தார். "செத்துக் கிடக்கிற அந்த மெஷின உயிரோட எழுப்பும் ஆண்டவரே!" நானும் ஆமென் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அதற்காக ஏழு பெண்கள் காலையிலிருந்து சாப்பிடாமல் இருந்ததாக வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. நான் அலுவலகத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அதைப் படித்தேன்.

சனிக்கிழமை மாடிப்படியில் அக்கா மூன்றாவது கேள்வியைக் கேட்டார். "யார்கிட்டயாச்சும் பொய் சொன்னியா?" இல்லை என்றேன். நான்காவதைக் கேட்டார். "சொன்னதெல்லாம் உண்மையா?" உண்மை என்றேன். இரண்டு பதிலும் சொல்லி முடித்தபோது எனக்கு வியர்த்தது. கோடைக்காலம்தானே என்று துடைத்துக்கொண்டேன்.

ஒரு பொய்க்கு இத்தனை வேலை இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அக்காவின் மகள் போன் செய்தாள். "அக்கா, அந்த லாகின் மட்டும் குடுங்க, நானே நைட்டு ட்ரை பண்றேன்." நீ தொட்டால் லாக் ஆகிவிடும் என்றேன். தினமும் காலையில் அக்கா பால் வாங்கப் போகும் வழியில் எங்கள் வாசலில் நின்று, "சர்வர் எழுந்துச்சா?" என்பார். "இன்னும் இல்லக்கா." "பாவம் நீ, ஆபீஸ் வேலையும் பாத்துக்கினு இதையும் பாக்குற." அடுத்த புதன்கிழமை மறுபடி ஜெபம். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி உபவாசம்.

அதற்கடுத்த நாள், சனிக்கிழமை, அக்கா படியில் உட்காரும்போதே பெருமூச்சு விட்டார்.

"எங்க வூட்டுக்காரரு குதிக்கிறாரு. சூப்பர்வைசரும் பொண்ணோட ஆதார் ஜெராக்ஸ் கேட்டுட்டாரு. ஒண்ணாந்தேதி கம்பெனில சேத்துடலாம்னு. திங்கக்கெழமைக்குள்ள சர்வர் வரலன்னா குடுத்துடப் போறேன். இன்னா பண்றது, அது தலையெழுத்து அதான் போல." பிறகு தாளை எடுத்துக்கொண்டார். "சரி, கேளு. இல்ல, இன்னிக்கு நானே மொதல்ல கேக்குறேன்."

ஜெபித்தாயா என்று கேட்டார். இல்லை என்றேன். அது மட்டும் உண்மை, பத்து நாட்களாக முடியவில்லை. மனக்கசப்பு இல்லை. பொய் சொல்லவில்லை. நான்காவது கேள்வி வந்தது.

"சொன்னதெல்லாம் உண்மையா பாப்பா?"

அவர் மடியில் கம்பெனிப் பை இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் தவறி ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். சர்வர் டவுன் இல்லை, நான் மறந்துவிட்டேன், கடைசி நாள் போய்விட்டது என்று. சொல்லி முடித்து நிமிர்ந்தால் அவர் கையைக் காதருகே வைத்துக்கொண்டு மேலே காட்டினார். தலைக்கு நேர் மேலே விமானம். அவருக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

அந்த அரை நிமிடத்தில் வேறு ஏதாவது சொல்லித் தப்பித்திருக்க முடியும். அந்த எண்ணம் வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். சத்தம் அடங்கியது. "இப்ப சொல்லு" என்றார். இரண்டாவது முறை சொன்னேன்.

அக்கா கத்தவில்லை. தாளை நான்காக மடித்தார்.

"எத்தினி நாளு?"

"பதினோரு நாள்க்கா."

"பதினோரு நாளு." விரல்விட்டு எண்ணுவதுபோல் பெருவிரல் அசைந்தது. "ரெண்டு வெள்ளிக்கெழம நான் கம்பெனிலயும் சாப்பிடல. ஷிப்மெண்ட் நாளு. மயக்கமா வந்துச்சு."

எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினார். கடைசிப் படியில் நின்று, திரும்பாமலே சொன்னார். "திங்கக்கெழம லீவு போடு. காலேஜுக்கு நேர்ல போலாம். நீயும் வர."

திங்கட்கிழமை மூவரும் போனோம். பஸ்ஸில் அக்காவின் மகள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தாள். ஒருமுறைகூடத் திரும்பவில்லை. கல்லூரி அலுவலகத்தில் இருந்தவரிடம் நான்தான் பேச வேண்டும் என்று அக்கா என்னை முன்னால் தள்ளினார். "நான் மறந்துவிட்டேன் சார். இந்தப் பெண்மேல் தப்பில்லை" என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். விண்ணப்பம் முடிந்தது முடிந்ததுதான் என்றார். ஆனால் கலந்தாய்வு முடிந்ததும் மீதமுள்ள இடங்களுக்கு மறுபடி பதிவு திறப்பார்கள், சில நாட்கள்தான் இருக்கும், கேட்ட பாடம் கிடைக்காமல் போகலாம், கல்லூரி அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார். சர்வர் எழுந்திருக்கும் என்று வீட்டிலேயே காத்திருந்தால் இது எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. பெண்ணும் கம்பெனியில் சேர்ந்திருப்பாள்.

ஆதார் ஜெராக்ஸை அக்கா கொடுக்கவில்லை. வீட்டில் அதற்காக என்ன பேச்சு வாங்கினார் என்று எனக்குச் சொல்லவும் இல்லை.

புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் எல்லோரிடமும் சொன்னேன். அம்மா முன்னால்தான் சொன்னேன். ஜெபித்தவர்களும் பட்டினி கிடந்தவர்களும் அவர்கள்தானே. உபவாசம் இருந்த இன்னொரு அக்கா கேட்டார்: "அப்ப நான் ரெண்டு நாளு சோறு துன்னாம கெடந்தது?"

"வீணாப் போகல. இவ வாய் திறந்துச்சே" என்றார் பாஸ்டரம்மா.

"அதுக்கு ஒரு வெள்ளிக்கெழம போதுமே. ரெண்டு எதுக்கு?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு எனக்கு முன்னால் நடந்தார். கதவைத் திறந்ததும், "சாப்புடு" என்றார். அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை அக்கா வரமாட்டார் என்று நினைத்தேன். ஆறு மணிக்கு வழக்கம்போல் வந்து உட்கார்ந்தார். நான் கேட்டேன். ஜெபித்தீர்களா? ஜெபித்தேன். யார்மேலாவது மனக்கசப்பு?

"இருக்குது. உன்மேல."

நான் தாளைப் பார்த்தேன். "யாரிடமாவது பொய்?"

"சொன்னேன். பாஸ்டரம்மா கேட்டாங்க, 'அந்தப் பொண்ண மன்னிச்சிட்டியா'ன்னு. மன்னிச்சிட்டேன்னு சொன்னேன். எங்க மன்னிச்சேன்? நெனச்சா வயிறு எரியுது." பிறகு என் முழங்கையில் தட்டினார். "மூஞ்ச தூக்கி வச்சுக்காத. இங்க பொய் சொல்லக் கூடாதுல்ல, அதான் சொல்றேன். கசப்பு போற அன்னிக்கு சொல்லுவேன். அதுவரைக்கும் கேட்டுகினே இரு."

எனக்கு வாழ்க்கையில் இதைவிடப் பெரிய மரியாதையை யாரும் செய்ததில்லை. மன்னித்துவிட்டேன் என்று என்னிடமும் சொல்லியிருக்கலாம். நானும் நம்பியிருப்பேன், நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். பிறகு இருவரும் பார்த்துப் பார்த்துப் பேசிக்கொண்டு, ஒரு வருடத்தை ஓட்டியிருப்போம்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்டேன். மனக்கசப்பு? "இருக்குது." அடுத்த வாரம், "இருக்குது." ஒரு வாரம், "பாதி." மறுவாரம், "நேத்து எம் பொண்ணு அழுதுச்சு, அதனால மறுபடி முழுசு." என் பதில்களும் மாறின. வாடிக்கையாளர் ஒருவரிடம் சிடுசிடுத்துவிட்டு கம்ப்யூட்டர்மேல் பழி போட்டதை, அம்மாவின் மருத்துவச் சீட்டில் ஒரு வார்த்தை புரியாமல் புரிந்ததுபோல் தலையாட்டியதைச் சொன்னேன். தெரியவில்லை என்ற சொல் என் வாயில் முதலில் வேற்றுமொழிபோல இருந்தது. சொல்லச் சொல்லப் பழகியது.

மறுபதிவு திறந்த அன்று காலை அக்காவின் மகளே பலகையைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். அரைநாள் லீவு போட்டு பிரவுசிங் சென்டருக்கு வந்தேன். இந்த முறை அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்கா எங்கள் இருவருக்கும் பின்னால் நின்றார். சமர்ப்பிக்கும் பொத்தானை அவளே அழுத்தினாள். திரையில் வந்த எண்ணை அவளே சத்தமாகப் படித்தாள். பட்டியல் வந்தபோது கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கவில்லை. பொருளியல் கிடைத்தது, மதிய ஷிப்ட். "உங்க சர்வர் எனக்கு எக்கனாமிக்ஸ் குடுத்துச்சுக்கா" என்று இன்றும் என்னைக் குத்துவாள். குத்தட்டும். அவள் கேட்ட பாடம் என்னால்தான் போயிற்று. அதை யாரும் எனக்குக் குறைத்துச் சொல்லவில்லை, கூட்டியும் சொல்லவில்லை.

அவள் கல்லூரியில் சேர்ந்த வாரம்கூட அக்காவின் பதில், "கொஞ்சூண்டு இருக்குது" என்பதுதான். தீபாவளி லீவுக்கு முந்தின சனிக்கிழமை, சுண்டல் தின்றுகொண்டே கேட்டேன். மனக்கசப்பு?

"இல்ல." அவரே யோசித்தார். "எப்ப போச்சுன்னே தெரியல பாப்பா. போன வாரமே இல்லையோ இன்னாவோ."

நான் தாளால் முகத்தை மறைத்துக்கொண்டேன். "அழுவாத, நாலாவது கேள்வி பாக்கி கீது" என்றார்.

எனக்கு இப்போதும் பெருமை உண்டு. எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான்தான், அதைச் சொல்லாமல் இருக்க மாட்டேன். ஆனால் நான் படித்தவள் என்பதற்காக என்னைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடாத ஒரு இடம் எனக்குக் கிடைத்தது. அந்த மாடிப்படிக்கும், அந்த பிஸ்கட் டப்பாவுக்கும், என்மேல் கோபம் இருக்கிறது என்று என் முகத்துக்கு நேரே சொன்ன அந்த வாய்க்கும் நான் நன்றி சொல்லாத நாள் இல்லை.

இந்த வருடம் சீட்டில் அக்காவுக்கு வேறு துணை வந்துவிட்டது. எனக்கும் வேறொருவர். ஆனால் மே மாதம் வந்துவிட்டது, சபைப் பிள்ளைகள் நான்கு பேர் விண்ணப்பிக்க வேண்டும். போன ஞாயிறு காலை, ஆராதனைக்கு முன்னால், ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதினேன்: "விண்ணப்பம் நிரப்பித் தருகிறேன். போன வருடம் ஒருவருடைய விண்ணப்பத்தை மறந்துவிட்டு, பொய்யும் சொன்னேன். அதனால் கடைசியில் விண்ணப்ப எண் வரும்வரை என் பக்கத்திலேயே உட்காருங்கள். அந்த எண்ணை நீங்களே படியுங்கள்." கீழே என் பெயரை முழுதாக எழுதினேன்.

"இன்னா எழுதியிருக்க?" என்று அம்மா கேட்டார். படித்துக் காட்டினேன். ஒருமுறை தாளைப் பார்த்தார், ஒருமுறை என்னை. "கோணலா கீது பாரு" என்று சொல்லித் தாளின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார். நான் டேப்பைக் கிழித்தேன். அக்கா கம்பெனிப் பையிலிருந்து ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை எடுத்து, எந்த வரியில் பொய் என்று இருக்கிறது என என்னிடமே கேட்டு, அதன் பக்கத்தில் ஒட்டினார்.

ஆராதனை முடிந்ததும் மேஜையை மாடிப்படியருகே போட்டேன். அக்காவின் மகள் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தர எனக்கு எதிரே உட்கார்ந்தாள். முதலில் வந்த பிள்ளையின் விண்ணப்பம் அன்று மதியமே போய்விட்டது.